மேனேஜரைப் பார்த்தீங்களா

மேனேஜர் பதினோராவது தடவையாக வீட்டை விட்டு ஓடிப்போன அன்று, பூட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டின் பலம் இரும்பில் இல்லை, அதைச் செய்தவன் தலைக்குள் இருக்கிறது என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் புத்தி. வந்தவர் கேட்டதென்னவோ ஒரு சைக்கிள் பூட்டுதான். அந்தக் கடையில் சைக்கிள் பூட்டுக்கும் அரைமணி நேரம் புத்தி உண்டு, வாங்கிக்கொள்ளாமல் கிளம்ப முடியாது.

அப்போது போன் அடித்தது. மணி சரியாக நாலு பத்து.

"ஏங்க, மேனேஜரைக் காணோம். கேட் திறந்து கிடக்கு. நான் போய்த் தேடிட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி. பால் தீர்ந்துபோச்சு என்று சொல்வதற்கும் அதே குரல்தான்.

அந்தப் போன் ரகசியம் பேசத் தெரியாத போன். சைக்கிள்காரர் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. கையில் இருந்த பூட்டை மெல்ல மேசைமேல் வைத்தார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கிப் போனார். ஒரு சைக்கிள் பூட்டுக்கு வீட்டில் கேட்க என்ன இருக்கிறது என்று பூட்டுக்காரர் கேட்கவில்லை. சொந்த நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் கடையில் யார்தான் பூட்டு வாங்குவார்கள்.

மேனேஜர் என்பது நாய்தான். குட்டைக் கால், பெருத்த வயிறு, காப்பிக்கொட்டை நிறம். வேளாவேளைக்குச் சாப்பாடு, மற்ற நேரம் தூக்கம். வாசலில் யாராவது வந்து நின்றால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்பது மாதிரி ஒரு பார்வை. வேலை என்று அது எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை. இளம் வயதில் பூட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் இருந்தபோது இதே லட்சணங்களோடு ஒருவரைப் பார்த்திருக்கிறார். அதனால் பெயர் வைக்க அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பாயிலிருந்து எழுந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போவதற்கே அந்த நாய் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கும். அப்படிப்பட்டது ஒரு மாதத்தில் பதினோரு தடவை தாழ்ப்பாளைத் திறந்து ஓடுகிறது என்றால், வேறு யாராக இருந்தாலும் எங்கேயோ இடிக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். பூட்டுக்காரர் நினைக்கவில்லை. அவர் தாழ்ப்பாளைச் சந்தேகப்பட்டார். ஏனென்றால் தாழ்ப்பாளைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும்.

அவர் மனைவி முப்பத்தொரு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்த்தவள். வீடு வீடாகப் போய், கேட்டைத் திறந்து, குனிந்து, தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு வருகிற வேலை. அவள் மிதிக்காத வாசல் ஊரில் இல்லை. எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மனிதர் கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊருக்கே அவள் மீட்டரக்கா. ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஓய்வு பெற்ற மறுநாளே பூட்டுக்காரர் அவளைத் தாங்கத் தொடங்கிவிட்டார். இத்தனை வருஷம் வெயிலில் அலைந்தவள், இனி ஒரு அடி நோக விடக்கூடாது என்று சபதம். காய்கறி, பால், ரொட்டி, மருந்து எல்லாம் அவரே வாங்கி வந்தார். கரண்ட் பில்லை அவரே கட்டினார். மூட்டு டாக்டர் எப்போதோ இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னதை, கிடைத்தது சாக்கு என்று ஒன்றரை வருஷத்துக்கு நீட்டி வைத்திருந்தார். ஒருநாள் தைக்க நூல் வாங்கப் போவதாகச் சொல்லி அவள் செருப்பை மாட்டினாள். உட்காரு உட்காரு என்று அவரே ஓடிப்போய் ஆறு கலரில் நூல் வாங்கி வந்தார். அவளுக்கு வேண்டியிருந்தது கறுப்பு. ஆறில் கறுப்பு இல்லை. சரி, நானே போய் மாத்திட்டு வரேன் என்று அவள் மறுபடி செருப்பைத் தேடினாள். அதற்குள் அவர் தெருமுனை தாண்டியிருந்தார்.

முப்பத்தொரு வருஷம் அலைஞ்சது போதாதா என்று அவர் கேட்கும்போது குரல் தழுதழுக்கும். அவ்வளவு நல்ல மனுஷரிடம் யார்தான் என்ன சொல்ல முடியும்? பிள்ளைகள் இருவரும் வேறு ஊர்களில். பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே என்று துணைக்கு ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அதைக் காலையில் நடத்திக் கூட்டிப் போகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். அவளுக்கு எதற்குச் சிரமம்.

அப்படிப்பட்ட வீட்டை விட்டுத்தான் மேனேஜர் ஓடியது. அவளும் பாவம், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் தெருத் தெருவாகத் தேடி, இருட்டுவதற்குள் நாயோடு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினாள். பூட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. இவளை உட்காரவைக்க நான் இவ்வளவு பாடுபடுகிறேன், இந்த நாய் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் கெடுக்கிறதே என்று.

கேட்டில் ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டால் கதை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். பூட்டுக்காரருக்கு ஒரு தொழில் விரதம் உண்டு. உள்ளே ஆள் இருக்கிற கதவை அவர் பூட்டமாட்டார். உள்ளே இருப்பவர் சாவி தேடாமல், ஒரே கையால் திறந்துகொண்டு வெளியே வர முடியவேண்டும். வீடு தீப்பிடித்தால் சாவி எந்த டப்பாவில் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்பார். வேறு மாதிரி செய்து தரச் சொல்லி வந்த பணக்கார வாடிக்கையாளர்களையே படியேறாதே என்று அனுப்பியிருக்கிறார். அதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். அதனால் சொந்த வீட்டு கேட்டிலும் பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான்.

முதலில் அந்தத் தாழ்ப்பாளை ஒரு முழம் மேலே ஏற்றினார். நாய் ஓடிற்று. கம்பிக்கு நடுவே நுழைந்திருக்கும் என்று வலை அடித்தார். மேனேஜரின் வயிற்றைப் பார்த்த எவரும் அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர் வந்தார். அடியில் தோண்டியிருக்குமோ என்று சிமெண்ட் போட்டார். சிமெண்ட் காயும்வரை நாய் அதன்மேல் படுத்திருந்ததில் அதன் உருவம் அப்படியே பதிந்தது, ஆனாலும் ஓடிற்று. கடைசியாக, தூக்கி, திருப்பி, தள்ளித் திறக்கிற மூன்று வேலைத் தாழ்ப்பாள் ஒன்றைத் தன் கையாலேயே செய்து மாட்டினார். வீட்டுக்கு வந்த அவருடைய சொந்தத் தம்பி அதோடு கால்மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் சுவரேறிக் குதித்துப் பஸ்ஸைப் பிடித்தார். மேனேஜர் அதை மறுநாளே திறந்துவிட்டது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல், பூட்டுக்காரர் கேட் முன்னால் குந்தி உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் தாழ்ப்பாளைப் பார்ப்பார். கீறல் இருக்காது, பல் தடம் இருக்காது. பிறகு நாயின் காலைத் தூக்கிப் பார்ப்பார். அது தூங்கிக்கொண்டே காலைக் கொடுக்கும். அதன் முகத்தையே வெறித்துப் பார்த்துவிட்டு, இதன் தலைக்குள்ளே என்னவோ இருக்கு என்று மனைவியிடம் சொல்வார். இருக்கும், இருக்கும் என்பாள் அவள்.

ஊர் சும்மா இருக்குமா? எதிர்க்கடை மருந்துக்காரர் தினமும் ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்று, மேனேஜர் கிடைச்சாரா அண்ணே என்று விசாரிப்பார். கேட்கும்போது அவர் உதடு ஒரு மாதிரி கோணும். தெருமுனையில் புதிதாக எலெக்ட்ரானிக் பூட்டுக்கடை வைத்திருந்த ஆள், நாயாலும் திறக்க முடியாது என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகையே மாட்டிவிட்டார். பூட்டுக்காரரின் மானம் கப்பலேறிற்று.

பதினோராவது ஓட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், கிடங்குக்காரர் கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே அவர் புதிதாகப் பெரிய கிடங்கு ஒன்று கட்டியிருந்தார். நாற்பது கதவு. நாற்பதுக்கும் பூட்டு இந்தக் கடையில்தான் என்று வாய் வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தவர். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த நாய் உள்ளேயே இருந்துட்டா, நாப்பது பூட்டும் உங்ககிட்டதான். இல்லேன்னா நான் முனைக்கடைக்குப் போயிடறேன். நாயை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. இவ்வளவு மூளை இருக்கிற நாய் கிடங்குக் காவலுக்கு உதவும். சங்கிலி போட்டுக் கட்டிவெச்சா எங்கே போயிடும்?"

ரோஷக்காரரான பூட்டுக்காரர், யோசிக்காமல் சரி என்று கையைக் கொடுத்துவிட்டார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். இன்னும் ஒரு தடவை ஓடினால் மேனேஜர் கிடங்குக்கு, சங்கிலிக்கு. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, பாவம் என்றாள். அப்புறம் அவள் சாப்பிடவில்லை. நாயிடம் இவ்வளவு பாசமா என்று பூட்டுக்காரருக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை நாலு பத்துக்குப் போன் அடிக்கவில்லை. செவ்வாயும் அடிக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பூட்டுக்காரர் கடைவாசலில் வந்து நின்று, எதிர்க்கடைக்காரர் கேட்காமலேயே, மேனேஜர் வீட்டில்தான் இருக்கார் என்று உரக்கச் சொன்னார். மருந்துக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார். நாய்க்கென்ன, நல்லா இருக்கு என்றார் இவர். நாயைக் கேக்கலை அண்ணே என்று முணுமுணுத்துவிட்டு மருந்துக்காரர் உள்ளே போனார். வெற்றி மயக்கத்தில் அது பூட்டுக்காரர் காதில் விழுந்தும் ஏறவில்லை.

வீட்டிலும் சில விஷயங்கள் கண்ணில் பட்டும் ஏறவில்லை. மூன்று நாளும் அவள் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். புதன்கிழமை, ரொட்டி தீர்ந்துடுச்சு, நான் போய் வாங்கிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அவர் பெருமையாகப் பையைத் தூக்கிக் காட்டினார். ரெண்டு வாங்கிட்டேன்.

வியாழக்கிழமை காலையில், கடைக்குப் போகுமுன், மூன்று நாள் மானம் காத்த தாழ்ப்பாளுக்கு நன்றிக்கடனாக அவர் ஒரு காரியம் செய்தார். பென்சிலுக்குள் இருக்கிற கரிதான் பூட்டுக்கு நல்ல மருந்து. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், கரித்தூள் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். இது பூட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வது. அந்தத் தூளைத் தாராளமாக அள்ளித் தாழ்ப்பாள் முழுக்கப் பூசிவிட்டுப் போனார். தொட்டால் விரல் ரேகையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அவர் விரல்கள் முப்பது வருஷமாக அந்த நிறத்தில்தான் இருக்கின்றன.

அன்றும் போன் வரவில்லை. நாலாவது நாள். சாயங்காலம் அவர் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மேனேஜர் பாயில் கிடந்தது. பழக்க தோஷத்தில் அதன் நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். சுத்தம். மூக்கும் சுத்தம். கெட்டிக்காரன் என்று அதன் தலையைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளைக் கோப்பை. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பாக, அச்சு வைத்த மாதிரி இருந்தது.

முதலில் தன் விரல்தான் என்று நினைத்தார். ஆனால் அவர் இன்னும் கோப்பையைத் தொடவேயில்லை. எழுந்து போய் கேட்டைப் பார்த்தார். காலையில் பூசிய கரி, உள்ளேயிருந்து திறப்பவர் விரல் படுகிற இடத்தில் அழிந்திருந்தது. திரும்பி நாயைப் பார்த்தார். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்கிற மாதிரி அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

டீ ஆறிப்போயிற்று. அவர் குடித்தார். குடித்து முடித்து, என்ன நினைத்தாரோ, தன் கைக்குட்டையால் அந்த ரேகையைத் துடைத்துவிட்டுத்தான் கோப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவர் கடையைச் சாத்தினார். அப்பாவின் சாவுக்குக்கூட அரைநாள்தான் சாத்தியவர். தன் வீட்டுக்கு எதிரே நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் போய், திருடனைப் போல நின்றுகொண்டார்.

நாலு பத்துக்கு அவள் வந்தாள். செருப்பு மாட்டியிருந்தாள், தலை வாரியிருந்தாள். தாழ்ப்பாளைப் பார்க்கக்கூட இல்லை. தூக்கி, திருப்பி, தள்ளி, ஒரே மூச்சில் திறந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் ஊரில் உள்ள அத்தனை கேட்டையும் திறந்த கை. தம்பி கால்மணி நேரம் திணறியதை நினைத்து, இந்த நிலையிலும் பூட்டுக்காரருக்கு மெச்சத்தான் தோன்றியது. பிறகு அவள் உள்ளே போய் மேனேஜரை இழுத்து வந்தாள். அது வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டு கையாலும் பின்பக்கத்தைத் தள்ளி, மூச்சு வாங்க, அவள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பன்னிரண்டு தடவையோ பதின்மூன்று தடவையோ, அந்த நாய் இப்படித்தான் வீட்டை விட்டு ஓடியிருக்கிறது.

அவள் முன்னால் நடந்தாள், மேனேஜர் தலையெழுத்தே என்று பின்னால் நடந்தது. சங்கிலிகூட இல்லை. இவர் மறைந்து மறைந்து பின்தொடர்ந்தார். மூட்டு வலிக்காரி என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவள் போகிற வேகத்துக்கு அவருக்குத்தான் இரைத்தது.

தையற்காரி வீட்டு கேட்டில் அவள் நின்றாள். நாயும் நின்று, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

"மேனேஜரைப் பார்த்தீங்களா?" என்று அவள் கேட்டாள்.

தையற்காரி வெளியே வந்து நாயை நன்றாகப் பார்த்தாள். "காணோமா அக்கா? அடப்பாவமே. உள்ளே வாங்க, உக்காந்து தேடலாம்" என்றாள். சொல்லிக்கொண்டே நாய்க்கு ஒரு பிஸ்கட்டைப் போட்டாள்.

மீட்டரக்கா உள்ளே போகுமுன் பழக்கம் விடாமல் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். நாலு நாள் இந்தப் பக்கம் வரலை, அதுக்குள்ள இவ்வளவு ஓடியிருக்கா, பின்பக்கக் குழாய் ஒழுகுது பாருங்க என்று சொல்லிச் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பைப் பூட்டுக்காரர் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அது நின்றுபோயிருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எல்லா கேட்டிலும் அதே கேள்வி, எல்லோரும் நாயைப் பார்த்துக்கொண்டே இல்லையே அக்கா என்றார்கள். ஒருவர் தண்ணீர் பில்லைக் கொண்டுவந்து காட்டிச் சந்தேகம் கேட்டார். ஒரு கிழவர் நேற்றிலிருந்து சேர்த்துவைத்த வம்பையெல்லாம் சொன்னார். மருந்துக்காரரின் மனைவி மாடியிலிருந்தே, இந்தப் பக்கம் வரலைக்கா, வந்தா சொல்றேன் என்று கத்தினாள். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேட்டுகளில் பாதிக்கு மேல் தாழ்ப்பாள் இவர் கடைச் சரக்கு. தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டவர்கள் விஷயத்தைப் பற்றி மட்டும் இவரிடம் மூச்சுவிடவில்லை.

பூட்டுக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வலித்தது. ஒரு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். உள்ளே ஆள் இருக்கிற கதவைப் பூட்டமாட்டேன் என்று முப்பது வருஷம் மார்தட்டியவர், பூட்டே இல்லாமல், காய்கறிப் பையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தியை உள்ளே அடைத்திருக்கிறார். அதிலும் உலகத்திலேயே அவருக்குப் பிடித்த ஒருத்தியை. நாயை நம்பித் தெருவுக்கு வரவேண்டிய நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்திருக்கிறார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, மேனேஜர் இன்னிக்கும் வீட்டில்தானே என்று கேட்டார். ம் என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி. வெளியே போகணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்க வாயைத் திறந்தார். ஆறு கலர் நூல் ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். அவள் உள்ளே வேலையாக இருந்தபோது கேட்டுக்குப் போய், ஒரு துணியால் தாழ்ப்பாளில் இருந்த கரியையெல்லாம் சுத்தமாகத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்குக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு கையில் பூட்டு ஆர்டர் எழுதிய காகிதம், இன்னொரு கையில் புதுச் சங்கிலி. எது வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று தயாராக வந்திருந்தார். மீட்டரக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றாள். கை புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் கண் சங்கிலியை விட்டு நகரவில்லை.

நாய் உள்ளேயேதான் இருந்தது என்று பூட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்பது பூட்டு, போன மானம், முனைக்கடைக்காரன் பலகைக்குப் பதில், எல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால், தாழ்ப்பாள் ஜெயித்த வீட்டிலிருந்து ஒரு நாய் இனிமேல் எப்படி ஓடும்?

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓடிடுச்சு தம்பி. வியாழக்கிழமை ஓடிச்சு, வெள்ளிக்கிழமையும் ஓடிச்சு. என் தாழ்ப்பாளால ஒண்ணும் ஆகலை."

சமையலறை வாசலில் முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. வியாழனும் வெள்ளியும் அவள் அவருக்குப் போன் செய்யவேயில்லை.

கிடங்குக்காரர் வருத்தத்தோடு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அப்படின்னா நாயைக் குடுங்கண்ணே, பேச்சு பேச்சுதானே என்று சங்கிலியைப் பிரித்தார்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றார் பூட்டுக்காரர். "ஆனா ஒண்ணு யோசிங்க. இவ்வளவு நல்லா வெச்சிருக்கிற வீட்டுலயே நிக்காத நாய், உங்க கிடங்குல எத்தனை நாள் நிக்கும்? அது சங்கிலியைக் கழட்டி ஓடுற அன்னிக்கு, கிடங்குக் கதவையும் திறந்துபோட்டுட்டு ஓடிச்சுன்னா?"

கிடங்குக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பாயில் மல்லாந்து படுத்து, நாலு காலையும் மேலே தூக்கிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆபத்தான நாய்தான் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். கேட்டைத் திறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் போராடினார். பூட்டுக்காரர்தான் போய்த் திறந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது மனைவி அதே இடத்தில் நின்றிருந்தாள். டீ போடட்டுமா என்றாள். போடு என்றார். அன்றைய டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது. அதை அவர் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

திங்கட்கிழமைக்குள் ஊருக்கே செய்தி பரவிவிட்டது. பூட்டுக்காரரே தன் வாயால் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டாராம். முனைக்கடைக்காரர் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். மருந்துக்காரர் மட்டும் அன்று உதட்டைக் கோணவில்லை. கடைக்குள் வந்து, ஒன்றும் வாங்காமல், இவர் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

நாலு பத்து ஆயிற்று. போன் அடிக்கவில்லை. கடையில் அதே சைக்கிள்காரர், வீட்டில் கேட்டுவிட்டு வந்துவிட்டார் போல, பூட்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நாலரைக்குக் கடைவாசலில் நிழல் தட்டிற்று. பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார்.

அவள் நின்றிருந்தாள். இத்தனை நாளும் ஊரெல்லாம் தேடியவள், இந்தக் கடைவாசல் பக்கம் மட்டும் தேட வந்ததேயில்லை. முகம் வெயிலில் சிவந்திருந்தது. காலடியில் மேனேஜர், நடந்த களைப்பில் நாக்கைத் தொங்கவிட்டு, அவள் செருப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, மேனேஜரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

பூட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். குனிந்து நாயைப் பார்த்தார். நாயும் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது.

"இந்தப் பக்கம் வரலையே" என்றார். "கடைத்தெருவைத் தாண்டிப் போயிருக்கும். நல்லா தேடிப் பாரு. ஒண்ணும் அவசரமில்லை, மெதுவா வா. வரும்போது ரொட்டி மட்டும் வாங்கிட்டு வந்துடு, நான் மறந்துட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். மேனேஜர் பெருமூச்சு விட்டு எழுந்து பின்னாலேயே போயிற்று. சைக்கிள்காரர் வாயைப் பிளந்துகொண்டு நாயைச் சுட்டிக்காட்டினார், ஏதோ சொல்ல வந்தார். பூட்டுக்காரர் அவர் கையிலிருந்த பூட்டை வாங்கி, துடைத்து, அவர் முன்னால் வைத்து, உள்ளே இருக்கிறவங்க ஒரே கையால திறந்துட்டு வெளியே போகணும், தெரியுமா என்று புத்தி சொல்லத் தொடங்கினார்.